தொழுவின் காவல்: கம்பம் பள்ளத்தாக்கில் நாய் வளர்ப்பின் கதை

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், இரு குன்றுகளுக்கு இடையே உள்வாங்கி, மூன்று பக்கமும் மலையால் அடைபட்டு, ஒரு பக்கம் மட்டும் சமவெளியை நோக்கித் திறந்து கிடக்கும் நிலத்தைக் கோம்பை என்பது தேனிப் பகுதி வழக்கு. ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பை, வருசநாட்டு மலையடியிலுள்ள கோம்பைத்தொழு எனப் பல ஊர்ப்பெயர்களில் இச்சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உத்தமபாளையம் வட்டத்தில், இராமக்கல்மேட்டின் அடிவாரத்தில் அமைந்த ஊருக்கோ முன்னொட்டும் பின்னொட்டும் இல்லாமல் கோம்பை என்பதே பெயராக நின்றுவிட்டது. நிலத்தின் பெயரை ஊர் எடுத்துக்கொள்ள, ஊரின் பெயரை ஒரு நாய் எடுத்துக்கொண்டது. செம்மண் நிற உடலும் கரிய முகவாயும் கொண்டு, ‘கருவாய்ச் செவலை’ என்று வளர்ப்போரால் சுட்டப்படும் கோம்பை நாய், இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றோடு தமிழகத்தின் நாட்டு நாய் இனங்களுள் ஒன்றாக இன்று எண்ணப்படுகிறது. இந்நாயின் வீரம் பற்றிப் பேசுவோர் மிகுதி. அதற்குச் சோறு வைத்து, உண்ணி எடுத்து, இரவில் அதன் குரைப்புக்குப் பொருள் கண்டு வாழ்ந்தவர்களைப் பற்றிப் பேசியோர் குறைவு.

அவர்களைப் பற்றிய பேச்சு குறைந்ததற்கு மொழியிலேயே ஒரு காரணம் உண்டு. யானையைப் பார்த்துக்கொள்பவனுக்குப் பாகன் என்றும், குதிரையைப் பேணுபவனுக்கு வாதுவன் என்றும், ஆநிரை மேய்ப்பவனுக்கு ஆயன் என்றும் தமிழ் தனித்தனிப் பெயர்களை வைத்திருக்க, நாயைப் பேணுபவனுக்கு அப்படி நிலைத்த தொழிற்பெயர் ஒன்று வழக்கில் இல்லை. நாயைப் பேணும் வேலை இருந்தது. ஆனால் அது எப்போதும் வேறொரு வேலைக்குள் அடங்கியே இருந்தது. மாடு மேய்த்தவன், ஊர்க்காவல் நின்றவன், பாளையக்காரரின் வேட்டைக்கு முன்நடந்தவன், தோட்டத்துப் பரணில் படுத்தவன் ஆகியோரே நாய்களையும் பார்த்துக்கொண்டனர். ஆகவே கம்பம் பள்ளத்தாக்கில் நாய் வளர்ப்பின் வரலாறு என்பது, நாயைத் தேவையாக்கிய அந்த வேலைகளின் வரலாறே ஆகும்.

அந்த வேலைகளுள் மிகப் பழையது ஆநிரை காத்தல். 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புலிமான்கோம்பையில் கண்டெடுத்த மூன்று நடுகற்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் அமைந்தவை. நடுகல் என்பது போரிலோ பூசலிலோ இறந்துபட்ட வீரனுக்காக நடப்படும் நினைவுக்கல். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது பகைவரின் மாடுகளைக் கவர்ந்து செல்லும் பூசலில், இறந்த ஒருவனைக் குறிக்கிறது. இக்கூடலூர் கம்பத்துக்குத் தெற்கே இன்றுள்ள கூடலூராக இருக்கலாம் என்னும் கருத்து ஆய்வாளரிடையே உண்டு. அது எந்தக் கூடலூராயினும், கிறித்து பிறப்பதற்கு முன்பே இம்மலையடிவாரத்தில் மாடு செல்வமாகவும், செல்வமாக இருந்ததனாலேயே கவரத் தக்கதாகவும், கவரத் தக்கதாக இருந்ததனாலேயே காக்க வேண்டியதாகவும் இருந்தது என்பதற்கு அக்கல் சான்று. அதில் நாய் இல்லை. ஆனால் இரவில் வந்து மாட்டை ஓட்டிச் செல்லும் கூட்டத்தை முதலில் அறிவது மனிதக் காது அன்று என்பதை மேய்ச்சல் வாழ்வை அறிந்த எவரும் ஒப்புவர்.

நாய் இடம்பெற்ற கல் வேறொரு மாவட்டத்தில் கிடைத்திருக்கிறது. திருவண்ணாமலைப் பகுதியிலுள்ள எடுத்தனூரில், ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த, மகேந்திரவர்மப் பல்லவனின் ஆட்சியாண்டைக் குறிக்கும் நடுகல் ஒன்று, கருந்தேவக்கத்தி என்னும் வீரன் இறந்துபட்டதையும், அவனுடைய நாயாகிய கோவிவன் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதையும் பதிவு செய்கிறது. வீரனின் உருவத்தருகே அந்நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அரசர் பெயரும் அதிகாரிகளின் பெயரும் நிறைந்த கல்வெட்டுகளுக்கு நடுவே, ஒரு நாயின் பெயர் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளைத் தாண்டி வந்திருப்பது வியப்புக்குரியது. அந்தப் பெயரை நாள்தோறும் கூப்பிட்டுச் சோறு வைத்தவர்கள் இருந்ததனால்தான் கல் வெட்டியவனிடம் சொல்ல ஒரு பெயர் இருந்தது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

மதுரை நாயக்கர் ஆட்சியில், பதினாறாம் நூற்றாண்டில், விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை எழுபத்திரண்டு பாளையங்களாகப் பகுத்தனர் என்பது மரபு. பாளையம் என்பது, படைவீரரைப் பேணி அரசுக்குத் துணை நிற்கும் கடமையோடு ஒரு தலைவனுக்கு விடப்பட்ட நிலப்பகுதி. அதன் தலைவன் பாளையக்காரன். கம்பம் பள்ளத்தாக்கின் இருமருங்கிலும் போடிநாயக்கனூர், தேவாரம், எரசக்கநாயக்கனூர், கோம்பை எனப் பாளையங்கள் நெருங்கியிருந்தன. கோம்பைப் பாளையம், துங்கபத்திரைப் பக்கமிருந்து தெற்கே வந்ததாகத் தம் மரபுக்கதைகளில் சொல்லிக்கொள்ளும், கன்னடம் பேசும் காப்பிலியர் என்னும் ஒக்கலிகர் குலத்துக் கவுண்டர்களிடம் இருந்தது. பாளையக்காரரின் வருவாயில் ஒரு பகுதி காவற்கூலியாக வந்தது. ஒரு பகுதியின் பாதைகளையும் உடைமைகளையும் காக்கும் பொறுப்பு திசைக்காவல் எனவும், ஓர் ஊரைக் காக்கும் பொறுப்பு தலக்காவல் எனவும் வழங்கின. காவலில் இருக்கும் மாடு களவு போனால் மீட்டுத் தருவதோ ஈடு கொடுப்பதோ காவற்காரனின் கடமை. களவுபோன மாடு எங்கே இருக்கிறதென்று துப்புச் சொல்வதற்கு வாங்கப்பட்ட பணம் துப்புக்கூலி எனப்பட்டது. சில வேளைகளில் களவாடியவனும் துப்புச் சொன்னவனும் ஒரே ஆளாக இருந்தனர் என்பதால் அச்சொல்லுக்கு மதுரைப் பகுதியில் நல்ல பெயர் கிடையாது. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் துப்புக்கூலி கொடாமல் மாட்டைக் காத்துக்கொள்ள எளிய குடியானவனுக்கு இருந்த வழி, விலைக்கு வாங்க முடியாத ஆளுக்குத் தொழுவை ஒப்படைப்பதே. அப்படிப்பட்ட ஆள் நாய்தான்.

பாளையக்காரரின் நாய்களைப் பற்றி வீரக்கதைகள் ஏராளம். கோம்பை நாய்கள் படையாகத் திரண்டு பகைவரை விரட்டின என்றும், அரண்மனைகளைத் தனியே காத்து நின்றன என்றும் இன்று நாய் விற்போர் முதல் மேடைப் பேச்சாளர் வரை சொல்லி வருகின்றனர். பெருமைக்காகச் சொல்லப்படும் இக்கதைகளை வரலாறாகக் கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. பாளையக்காரர் நாய்களைக் காட்டுப்பன்றி வேட்டைக்கும் வாசற்காவலுக்கும் வைத்திருந்தனர் என்பதே போதுமான செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நூல்களில் ‘பாளையக்கார நாய்’ என்றே ஓர் இனம் குறிக்கப்பட்டு, பெரிதும் வலியதும் மயிர் இல்லாததும் ஆகிய நாய் என்று விளக்கப்பட்டிருப்பது இதற்குத் துணை நிற்கிறது. கருவாய்ச் செவலையாகிய கோம்பை நாய்க்குக் குட்டையான மயிர் உண்டு. எனவே அந்நூல்கள் கண்டது இதே நாயைத்தானா என்பது வேறு கேள்வி.

வேட்டையிலும் காவலிலும் நாய் பெயர் பெற்றதாயினும், அது நாள்தோறும் வாழ்ந்த இடம் தொழுவே. தொழு என்பது மாடுகளை இரவில் அடைக்கும் இடம். காட்டில் முள்வேலியிட்டு அமைக்கப்படும் தொழுவுக்குப் பட்டி என்ற பெயரும், அறுவடை முடிந்த வயலில் உரத்துக்காக இரவு தோறும் இடம் மாற்றி மந்தையை அமர்த்துவதற்குக் கிடை என்ற பெயரும் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் மலைமாடுகள் உருவில் சிறியவையாயினும் சரிவேறுவதில் வல்லவை. மேய்ச்சலுக்காக மலையேறிய மந்தைகள் நாள்கணக்கில் காட்டுப் பட்டியிலேயே தங்கின. இப்பள்ளத்தாக்கில் மாடு வெறும் உடைமை அன்று என்பதற்குக் கம்பத்திலுள்ள நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத்தொழு சான்று. தனியொருவருக்கு உரிமையாகாமல் தெய்வத்துக்கென்று நேர்ந்துவிடப்பட்ட மாடுகள் தம்பிரான் மாடுகள் எனப்படும். அவற்றுள் தலைமை தாங்கும் காளை பட்டத்துக்காளை. மாட்டுப் பொங்கலன்று இத்தொழுவுக்கு மக்கள் திரண்டு வந்து வணங்குகின்றனர். மாட்டைத் தெய்வமாக்கிய இதே வழிபாட்டு மரபு நாயைத் தெய்வத்தின் ஊர்தியாக்கி, பைரவருக்கும் காவல் கருப்பனுக்கும் துணையாக நிறுத்தியது. முல்லைப் பெரியாற்று நீரைப் பள்ளத்தாக்குக்குள் கொண்டுவரும் ஆறுகளுள் ஒன்றுக்கு வைரவனாறு என்று பெயர் வாய்த்திருப்பதும் இவ்விடத்தில் நினைக்கத் தக்கது.

பட்டியில் நாலைந்து நாய்களைப் பார்த்துக்கொண்ட மேய்ப்பரின் ஒரு நாள், மாட்டின் நாளுக்குள் பொதிந்து கிடந்தது. விடியலில் நாய்களின் தலை எண்ணுவதே முதல் வேலை. ஏனெனில் சிறுத்தைக்கு மாட்டைவிட நாய் எளிதான இரை, இரவில் ஒன்று குறைவது அரிதன்று. எண்ணி முடித்ததும் முந்தின நாள் கேப்பைக் களியை மோரில் கரைத்துக் கல்தொட்டியில் ஊற்றும்போது, குட்டி ஈன்ற பெட்டைக்குத் தனியே வைக்க வேண்டும். இல்லையேல் கடுவன்கள் அதற்கு மிச்சம் விடா. மந்தை மலையேறும்போது எல்லா நாய்களையும் கூட்டிப் போவதில்லை. கால் வலுத்த இரண்டு மாட்டோடு போக, கிழட்டு நாயும் ஈன்ற பெட்டையும் பட்டியில் அடைத்த கன்றுகளுக்குக் காவலாக நிற்கும். மாலையில் திரும்பியதும் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி பார்த்து எடுப்பதும், பாதத்தில் தைத்த முள்ளைப் பிடுங்குவதும், சொறிக்கு வேப்பெண்ணெய் தடவுவதும் நடக்கும். ‘தோ, தோ’ என்றால் வருவதும், ‘சூ’ என்றால் பாய்வதும் ஆகிய இரண்டு சொற்களே நாய்க்குக் கற்பிக்கப்பட்ட மொழி; அதைவிடப் பெரிய மொழியை நாய்தான் மேய்ப்பருக்குக் கற்பித்தது. ஆள் வந்தால் முன்னேறிக் குரைக்கும் நாய், பன்றி வந்தால் ஓடிக்கொண்டே குரைக்கும். சிறுத்தையின் வாடை பட்டால் குரல் தாழ்ந்து, நெருப்பை நோக்கிப் பின்வாங்கி முனகும். எது எந்தக் குரல் என்று தூக்கத்திலேயே பிரித்தறியத் தெரிந்தவரே நல்ல மேய்ப்பர். சூ காட்டுதல் என்னும் தொடர் மனிதர் ஒருவரை மற்றொருவர் மேல் ஏவிவிடுவதற்கும் இன்று வழங்குவது, நாயோடு வாழ்ந்தவர்களின் பேச்சு எவ்வளவு தூரம் பரவியது என்பதைக் காட்டும்.

குட்டி தெரிவதற்கும் முறைகள் இருந்தன. ஐப்பசி, கார்த்திகையில் இணைசேரும் நாய்கள் ஏறத்தாழ அறுபத்துமூன்று நாளில் ஈனுமாதலால், மார்கழி, தையில் குட்டிகள் கண் திறக்கும். பிடரியைப் பிடித்துத் தூக்கினால் கத்தாத குட்டி நெஞ்சுரம் உள்ளது என்றும், நகம் எண்ணிப் பார்த்து இருபது இருந்தால் வேட்டைக்கு ஆகும் என்றும் பெரியவர்கள் சொல்வர். இவற்றுள் முதலாவதில் பட்டறிவு கொஞ்சம் உண்டு, இரண்டாவதில் நம்பிக்கை மட்டுமே உண்டு. குட்டிக்குப் பணம் வாங்கும் வழக்கம் பரவலாக இல்லாத காலத்தில், ஒரு பட்டியின் குட்டி இன்னொரு பட்டிக்கு உறவின் பெயரிலேயே போனது. ஆகவே நாயின் வமிசம் மனிதரின் கொண்டான் கொடுத்தான் வழியைப் பெரும்பாலும் ஒட்டியே நகர்ந்தது. சிவராத்திரியை ஒட்டி ஊரே திரண்டு செல்லும் பாரிவேட்டையில் கிடைத்ததைப் பங்கிடும்போது நாய்க்கும் பங்கு ஒதுக்குவது வேட்டை மரபாக இருந்தது. அந்தப் பங்கு நாய்க்குரியவரின் வீட்டுக்குப் போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆங்கிலேயர் காலத்தில் நாயைப் பார்த்துக்கொள்வது முதன்முதலாகத் தனிக்கூலி பெற்ற வேலை ஆயிற்று. சென்னை மாகாணத்து வெள்ளையர் வீடுகளில் சமையற்காரர், தண்ணீர்க்காரர், குதிரைக்காரர் என்ற வரிசையின் கடைசியில் ‘நாய்ப் பையன்’ என்றொரு வேலையாளும் இருந்தான். நாய்களைக் குளிப்பாட்டுவதும் உலாத்தக் கூட்டிப் போவதுமே அவன் வேலை. உதகமண்டலத்தில் 1835-இல் தொடங்கிய வேட்டைக் கழகம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் தருவித்த வேட்டைநாய்களைக் கூட்டமாக வைத்து, அங்கே நரி கிடைக்காத குறைக்குக் குள்ளநரியைத் துரத்தியது. அந்நாய்களுக்குத் தாய் தந்தை பெயரெழுதிய பதிவேடு இருந்தது. கோம்பையின் பட்டி நாய்க்கு இருந்ததோ மேய்ப்பரின் நினைவு ஒன்றே. இனத்தூய்மை என்னும் கருத்தும் பதிவேட்டோடு சேர்ந்தே வந்தது என்பதைப் பிற்காலச் சச்சரவுகளைப் புரிந்துகொள்ள மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அதே ஆட்சிதான் கோம்பை நாயின் வேலைகளை ஒவ்வொன்றாகக் குறைக்கவும் தொடங்கியது. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளை வரையறுத்து, மேய்ச்சலை அனுமதிச் சீட்டுக்கும் கட்டணத்துக்கும் உட்படுத்தியது. 1895-இல் பெரியாறு அணை முடிந்து, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பியபோது, பள்ளத்தாக்கின் தரை நெல் வயலாகி, மந்தைக்கு எஞ்சியிருந்தது மலை மட்டுமே என்றாயிற்று. காவற்கூலி முறை காவல்துறையின் கெடுபிடியாலும் குடியானவர் எதிர்ப்பாலும் தளர்ந்தது. 1948-ஆம் ஆண்டின் சமீன் ஒழிப்புச் சட்டம் பாளையக்காரரின் வழிவந்த சமீன்தார்களின் வருவாயை அறுத்து, அவர்களின் வேட்டைக் கூட்டத்துக்குச் சோறிட ஆளில்லாமல் செய்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் முயல் பிடிப்பதும் குற்றம். 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. மேகமலைப் பகுதி மேய்ச்சலை ஒட்டி எழுந்த வழக்கில் 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடுத்து, பின்னர் அத்தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் எனத் திருத்தியது.

இத்தடைகளில் நியாயம் இல்லையென்று சொல்வதற்கில்லை. காட்டுக்குள் போகும் நாய் மானைத் துரத்துவதோடு நிற்பதில்லை. வெறிநோயையும், நாய்களிடையே பரவும் டிஸ்டெம்பர் என்னும் நச்சுயிரி நோயையும் அது செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடும். 2018-இல் குசராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் அடுத்தடுத்து மாண்டபோது இறந்தவற்றுட் சிலவற்றில் கண்டறியப்பட்டது இந்நச்சுயிரியே. ஆனால் நியாயமான தடைகளும் ஒரு விளைவைத் தந்தே தீரும். பட்டி இல்லாத இடத்தில் பட்டி நாயும் இல்லை, அதன் குரலைப் பிரித்தறியும் காதும் இல்லை.

கோம்பை நாயின் ‘மீட்பு’ இந்த இழப்புக்குப் பின் தொடங்கியது. தமிழக அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறை சென்னைச் சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்கப் பிரிவு ஒன்றை நடத்தி, இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பைக் குட்டிகளை விற்று வந்தது. பின்னாளில் அது விலங்கு நலனை முன்னிட்டுத் தொடுக்கப்பட்ட வழக்கின் முடிவில் மூடப்பட்டது. 2005 சனவரியில் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்காக நான்கு தபால்தலைகள் வெளியிட்டபோது, இமயமலை மேய்ப்பு நாய், இராம்பூர் நாய், முதோல் நாய் ஆகியவற்றோடு தெற்கிலிருந்து இராசபாளையம் இடம்பெற்றது, கோம்பைக்கு இடமில்லை. 2020 ஆகஸ்ட் 30 அன்று ‘மனதின் குரல்’ வானொலி உரையில் பிரதமர் கோம்பையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, மத்திய ரிசர்வ் காவல் படை அவ்வினத்தைச் சேர்த்துக்கொண்டிருப்பதாகக் கூறினார். நாட்டு நாய் வளர்ப்பில் ஆர்வம் பெருகியது; அதனோடு எது அசல் கோம்பை என்ற சச்சரவும் பெருகியது. முதுகில் சுழி வேண்டுமா வேண்டாமா, சாம்பல் நிறத்தை ஏற்கலாமா என்று வளர்ப்போர் இன்று வாதிடுகின்றனர். பட்டிகளில் நிறத்தைக் காட்டிலும் வேலையே நாயைத் தெரிந்தெடுத்தது. இரவில் உறங்கும் நாய்க்கு அது எவ்வளவு அழகிய செவலையாக இருந்தாலும் குட்டி எடுக்க ஆள் வரவில்லை. வேலை தெரிந்தெடுத்த ஒன்றைக் கண்காட்சித் திடலின் அளவுகோல் காப்பாற்றிவிடும் என்று நம்புவதற்கு இதுவரை காரணம் எதுவும் தென்படவில்லை.

வேலை முற்றிலும் போய்விடவில்லை என்பதும் உண்மை. போடியிலும் கம்பத்திலும் வீடு வைத்துக்கொண்டு, கம்பம்மெட்டுக்கும் குமுளிக்கும் அப்பால் ஏலத்தோட்டம் வைத்திருப்போர், காய் உலர்த்தும் ஸ்டோரில் காவற்காரர் ஒருவரையும் அவர் பொறுப்பில் சில நாய்களையும் விட்டு வருகின்றனர். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் பந்தல்களுக்குக் கீழும், பழம் முற்றும் பருவத்தில், கயிற்றுக் கட்டிலும் இரண்டொரு நாய்களும் உண்டு. உரிமையாளர் கீழே ஊரில் இருக்க, நாய்களோடு மேலே தங்கி, விடியலில் தலை எண்ணி, சோறு வைத்து, உண்ணி பார்ப்பவர் அந்தக் கூலிக் காவற்காரரே. பட்டியின் அறிவில் மிச்சமிருப்பது இன்று இவர்களிடமும், மலையேற அனுமதியற்று ஊரோடு இருந்துவிட்ட முதிய மேய்ப்பரிடமும்தான்.

தேனி மாவட்டத்தில் 2020 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அதன் மாணவர்கள் கோம்பை நாயின் உயரத்தையும் எடையையும் அளக்கப் போகும் நாளில், அருகில் நிற்கும் முதியவரிடம் சிறுத்தைக்கு அது எப்படிக் குரைக்கும் என்றும் கேட்டு, அதே ஏட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.